இரைப்பையைச் சுருக்கியும் எடை ஏறுகிறதே, ஏன்?

சரி, இந்த வாரக் கேள்வி சேலத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. நீளமாக எழுதியிருக்கிறார், நான் சுருக்கிச் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால், எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டார். அப்போது 116 கிலோ. ஒன்றரை வருடத்தில் 72க்கு வந்துவிட்டார். இப்போது 85. "காலையில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் நாலு மணி ஆனால் வாய் நமநமவென்கிறது. இனிப்போ மொறுமொறுப்போ எதையாவது போட்டுக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. இரைப்பை விரிந்துவிட்டதா? மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டுமா? டாக்டரிடம் போக வெட்கமாக இருக்கிறது." இதுதான் கேள்வி.

நான் சர்ஜன் இல்லை, டயட்டீஷியன். ஆபரேஷன் முடிந்தவர்களின் தட்டைப் பார்ப்பதுதான் என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு பார்த்துவிடலாம். 116லிருந்து 72, அதாவது 44 கிலோ குறைந்தீர்கள். அதில் 13 திரும்பியிருக்கிறது. இன்றைக்கும் நீங்கள் பழைய எடையைவிட 31 கிலோ குறைவு. ஸ்வீடனில் 1987-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். நாலாயிரத்துச் சொச்சம் பேர், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்களைப் பல வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அதில் பைபாஸ் (இதயத்துக்குச் செய்வது இல்லை, இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது) செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தார்கள். பத்தாவது வருடம் பார்த்தபோது அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது, குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் திரும்பிவிட்டது. அவர்களுடையது பைபாஸ், உங்களுடையது ஸ்லீவ், அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் அடிமட்டத்துக்கு இறங்கி, கொஞ்சம் ஏறி, பிறகு நிலைப்பதுதான் இந்த ஆபரேஷன்களின் வழக்கமான போக்கு. உங்கள் கணக்கு 38 சதவீதத்திலிருந்து 27க்கு வந்திருக்கிறது. ஆபரேஷன் வீணாகவில்லை. ஆனால் இரண்டரை வருடத்தில் இவ்வளவு என்பது கொஞ்சம் வேகம்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, இந்தப் பசி எங்கே போயிருந்தது, ஏன் திரும்பி வந்தது? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். எடுத்த பகுதியில் மேலே உப்பலாக இருக்கும் இடமும் போய்விடும். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. 1999-ல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது அது. அதனால்தான் முதல் வருடம் பலருக்குப் பசியே தெரியாது. "சாப்பிட மறந்தே போச்சு மேடம்" என்று வந்து சொல்வார்கள். அதை நான் தேனிலவு என்று சொல்வேன். ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம். அதற்குள் பழக்கம் மாறியிருந்தால் பிழைத்தோம். மாறாவிட்டால் அப்புறம் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும்போது பழைய வழியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் மனவுறுதி எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்று கேட்பார்கள். 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 வாலிபர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். பட்டினி முடிந்து வயிறு நிறையச் சாப்பாடு போட்ட பிறகும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்கிறது, கல்யாணத்துக்குப் புடவை கட்ட இளைத்தீர்களா என்று அதற்குத் தெரியாது. ஆகவே "ஆபரேஷன் பண்ணியும் வாயைக் கட்ட முடியவில்லையா" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆனால் எதைச் சாப்பிடுகிறோம் என்பதை மட்டும் விட முடியாது. இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

என்னிடம் ஒருவர் வந்தார். ஆள் யாரென்று தெரியாதபடி சொல்கிறேன். அவரும் ஸ்லீவ் செய்தவர், உங்களைப் போலவே எடை ஏறி வந்திருந்தார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலை ஒன்றரை இட்லி, மத்தியானம் அரைக் கப் சாதம், ராத்திரி ஒரு தோசை. கூட்டிப் பார்த்தால் ஒரு குழந்தை சாப்பாடு. எனக்கே குழப்பம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த மிக்சரையும் சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான், அந்த அம்மா அழுதுவிட்டார். அடுத்த முறை வரும்போது அந்த மிக்சர் டப்பாவையே கொண்டுவரச் சொன்னேன். எவர்சில்வர் டப்பா, மூடியில் சின்ன நசுங்கல். டிவி பார்த்துக்கொண்டே எவ்வளவு எடுப்பீர்களோ அவ்வளவை எடுங்கள் என்று சொல்லி தராசில் போட்டேன். ஒரு பிடி 30 கிராம். ஒரு சாயங்காலத்தில் நாலு பிடி. 120 கிராம் மிக்சர் என்றால் 600 கலோரி வந்துவிடும். அவருடைய மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது.

இரைப்பை சின்னதாகத்தானே இருக்கிறது, எப்படி உள்ளே போனது? மெல்ல மெல்ல மாவாகிக் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், அதனால்தான். முறுக்கு, காராபூந்தி, டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்க்ரீம், மில்க்‌ஷேக் எல்லாம் இந்த ரகம். குழாயில் தங்காது, நிறைந்த உணர்வும் வராது. ஒரு சிக்கன் துண்டையோ ஒரு முட்டையையோ சாப்பிட்டுப் பாருங்கள், மூன்றாவது வாயிலேயே நெஞ்சு "போதும்" என்று சொல்லும். நாக்கு இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. எது கஷ்டம் கொடுக்கிறதோ அதை ஒதுக்கிவிட்டு, எது சுலபமாக இறங்குகிறதோ அதைக் கேட்க ஆரம்பிக்கிறது. ஆக, உங்கள் இரைப்பை விரிந்திருக்கலாம், விரியாமலும் இருக்கலாம். விரியாத இரைப்பையை வைத்துக்கொண்டே பத்து கிலோ ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வீட்டுச் சாப்பாட்டிலும் இப்படி ஒன்று உண்டு: ரசம் சாதம். குழையப் பிசைந்து கரைத்தால் இரண்டு கரண்டி சாதம் தெரியாமலே இறங்கிவிடும். அதே சாதத்தைக் கூட்டோடும் பொரியலோடும் சாப்பிட்டால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்களே, காரணம் இதுதான். பலர் அதைத் தண்ணீருக்கு மட்டும் என்று நினைத்து, ரசத்தைத் தம்ளரில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் நாலு மணிக்கு வருகிறேன். நாலு மணிக்கு வருகிற பசிக்கு வேர் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். ஒரு நாளைக்கு 60லிருந்து 80 கிராம் புரதம் வேண்டும் என்று சொல்கிறோம். ஒன்றரை இட்லி, அரைக் கப் சாதம், ஒரு தோசையில் அது 15 கிராம்கூடத் தேறாது. மத்தியானம் தட்டில் முதலில் முட்டையோ மீனோ சிக்கனோ பனீரோ கெட்டிப் பருப்போ சாப்பிடுங்கள். அப்புறம் காய், இடம் இருந்தால் கடைசியில் சாதம். நம் ஊரில் சாதத்தைப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பரிமாறுவோம், அதனால் வீட்டில் ஒரு வாரம் எல்லோரும் விநோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நாலு மணிக்கு அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு வேகவைத்த முட்டையோ திட்டமிட்டே சாப்பிடுங்கள். வாய் கேட்பதற்கு முன்னால் சாப்பிட வேண்டும், கேட்ட பிறகு சுண்டல் எடுபடாது. டீயிலும் ஒரு கண் வையுங்கள். நாலு டீ, தலா இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டும் ஒரு நாளைக்கு 40 கிராம் வரை போய்விடும்.

இனிப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தீபாவளி வரும், கல்யாணத்தில் இலையில் ஜாங்கிரி விழும். சாப்பாடு முடிந்த பிறகு ஒரு துண்டு, உட்கார்ந்து, தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டு சாப்பிடுவதுதான் ஆபத்து. நானும் நின்றுகொண்டே தின்கிறவள்தான், அதனால் சொல்கிறேன்.

இந்த ஆசைகளில் சிலது வெறும் ஆசை இல்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் கட்டியை மெல்லத் தோன்றுகிறதா? பச்சரிசியை அள்ளி வாயில் போடத் தோன்றுகிறதா? திருநீறு, சாக்பீஸ், மண் வாசனை இழுக்கிறதா? அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இந்த ஆபரேஷன்களுக்குப் பிறகு, அதுவும் மாதவிடாய் வருகிற பெண்களுக்கு, இது சாதாரணமாக வருகிறது. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே பி12, வைட்டமின் டி. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த சத்து மாத்திரையை இரண்டாவது வருடமே நிறுத்தியிருந்தால், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அது ஆயுசுக்கும் எடுக்க வேண்டியது.

இன்னொன்று. இனிப்பு சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்து, மறுபடி இனிப்பு வேண்டும் போல இருந்தால், சர்க்கரை சட்டென்று ஏறி சட்டென்று இறங்குகிறது என்று அர்த்தம். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரும். இனிப்பை இனிப்பாலேயே அடக்கிக்கொண்டிருந்தால் இந்தச் சுற்று நிற்காது. அப்படி வரும்போது குளுக்கோமீட்டரில் ஒரு முறை பார்த்து எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பாட்டில் கிடைத்த சுகம் கிடைக்காமல் சிலர் குடி பக்கம் திரும்புகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது சீக்கிரம் தலைக்கேறும், பழைய அளவு பழைய அளவாக இருக்காது.

மறுபடி ஆபரேஷனா என்ற கேள்விக்கு இப்போதே பதில் இல்லை. முதலில் தைராய்டு பார்க்க வேண்டும். நடுவில் ஏதாவது மாத்திரை புதிதாகச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். ஏற்றுகிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் பேசுங்கள். அதற்கப்புறம் தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியோ பேரியம் எக்ஸ்ரேயோ எடுத்தால் இரைப்பை விரிந்ததா என்று தெரியும். நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது பற்றிச் சர்ஜன் பேசுவார். 2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி என்ற, எடை குறைக்கும் வாராந்திர ஊசிகள் நம் நாட்டுக்கு வந்துவிட்டன. ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் டாக்டர்கள் அவற்றை யோசிக்கிறார்கள். ஆனால் அவை பசியை இன்னும் குறைக்கும், ஏற்கெனவே எட்டாத 60 கிராம் புரதம் இன்னும் எட்டாமல் போகும். எதிர்வீட்டுக்காரர் போட்டுக்கொள்கிறார் என்பதற்காக நீங்களும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக அந்த வெட்கம். இதை எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ ஏறும்போது வந்திருந்தால் மத்தியானத் தட்டை மாற்றினாலே போதுமாக இருந்திருக்கும், வெட்கத்தில் தள்ளிப்போட்டதால்தான் 13 ஆனது. மூன்று நாள் சாப்பாட்டை எழுதுங்கள், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும். நின்றுகொண்டு தின்றதையும் எழுதுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். பழைய டாக்டரிடம் போக முடியவே முடியாது என்றால் இன்னொருவரிடம் போங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. அந்த மிக்சர் டப்பா அம்மா இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். எடை இன்னும் அவர் முன்பு இறங்கியிருந்த 70 கிலோவுக்கு வரவில்லை, ஏறுவது நின்றிருக்கிறது. டப்பாவில் இப்போது வறுகடலை இருக்கிறதாம். போன தடவை கணவர்தான் தராசில் ஏறி நின்று, "எனக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்" என்றார்.