பாதிப் பெயர்கள்

வணக்கம் நேயர்களே.

1741ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி இரவு எட்டு மணி. லண்டனில் ஹாட்டன் கார்டன் என்ற தெருவில் ஒரு வீட்டு வாசலில் பெண்கள் கூடி நிற்கிறார்கள். கையில் துணி சுற்றிய பச்சைக் குழந்தைகள். கதவைத் திறப்பதற்கு முன்னால் நுழைவிடத்து விளக்கை அணைத்துவிட்டார்கள். குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறவர் யார் என்று எவருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அன்று இரவு 30 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டதும் இடம் நிறைந்துவிட்டது. மற்றவர்கள் திரும்பிப் போனார்கள்.

தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் பதினேழு ஆண்டுகள் பெரிய மனிதர்களின் வாசல்களில் ஏறி இறங்கி உண்டாக்கிய இல்லம் அது. ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்று பெயர். ஃபவுண்ட்லிங் என்றால் பெற்றவர் விட்டுப்போன குழந்தை. ஹாஸ்பிடல் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் புகலிடம் என்ற பொருளும் உண்டு.

இல்லம் திறந்து இரண்டே ஆண்டில், 1743இல், லண்டன் புத்தகக் கடைகளில் ஒரு திரட்டு வந்தது. அதன் பெயர் 'தி ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் ஃபார் விட்'. நகைச்சுவைக்கான அநாதை இல்லம் என்று சொல்லலாம். தலைப்புப் பக்கத்தில் ஒரு விளக்கமும் இருந்தது: பெற்றவர்கள் போட்டுவிட்டுப் போக விரும்பும் நகைச்சுவைப் பிள்ளைகளை ஏற்றுக் காப்பாற்றுவதற்காக இது ஏற்பட்டது என்று. தொகுத்தவர் பெயர் டிமதி சைலன்ஸ். சைலன்ஸ் என்றால் மௌனம். அதுவும் ஒரு புனைபெயர்தான்.

இந்த மாதிரித் திரட்டுகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நையாண்டிப் பாட்டும் உரைநடையும் கலந்து வந்த இந்த நூல்களை 'மிசலனி' என்பார்கள். இலக்கிய வரலாறுகளில் இவற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒரு வரி. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. அந்த நூற்றாண்டின் வசைக்கவி எப்படி மூச்சு விட்டது, எப்படி ஊரெல்லாம் சுற்றியது, யாருக்குப் பயந்து ஒளிந்தது என்பதெல்லாம் இவற்றின் பக்கங்களில்தான் தெரிகிறது.

முதலில் ஒரு செய்தி. இங்கிலாந்தில் எதை அச்சிடுவதற்கும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் 1695இல் காலாவதி ஆனது. அதன் பிறகு அச்சகங்கள் பெருகின. காலையில் ஒரு அமைச்சர் பதவி விலகினால் சில நாளில் அவரைப் பற்றிய பாட்டு காப்பிக் கடையில் கைமாறும். ஒற்றைத் தாள், எட்டுப் பக்கச் சிறு நூல், கையெழுத்துப் பிரதி என்று எத்தனையோ உருவங்களில். அப்புறம் அந்தத் தாள் என்ன ஆகும்? விற்காத கவிதைத் தாள்கள் ரொட்டிக் கடைக்காரரிடம் போகும். அவர் 'பை' என்ற பலகாரத்தின் தட்டுக்கு அடியில் விரிப்பார். இன்னொரு பங்கு கழிப்பறைக்குப் போகும். ஜான் டிரைடன் 'மாக் ஃப்ளெக்னோ' என்ற வசைக்கவியில் இந்த இரண்டையும் சேர்த்தே பாடியிருக்கிறார். அந்தப் பாட்டுமே முதலில் கையெழுத்தில் சுற்றி, பிறகு திருட்டுத்தனமாக அச்சாகி, 1684இல் ஒரு திரட்டுக்குள் வந்துதான் நிலைத்தது.

ஒரு வாரத்துக்காக எழுதிய பாட்டை ஒரு தலைமுறைக்குக் கொண்டுபோனவை இந்தத் திரட்டுகள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

1743 ஏன் இதற்குத் தோதான ஆண்டு என்று பாருங்கள். ராபர்ட் வால்போல் இருபது ஆண்டுக்கு மேல் ஆட்சியைக் கையில் வைத்திருந்துவிட்டு 1742 பிப்ரவரியில் விலகினார். அவரை எதிர்த்தே பெயர் வாங்கியவர் வில்லியம் பல்ட்னி. மக்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவரோ அதே ஆண்டில் பாத் பிரபு என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு மேலவைக்குப் போய்விட்டார். வால்போலும் அதற்கு முன்பே ஒரு பட்டத்தோடு அங்கே போயிருந்தார். "இந்த நாட்டிலேயே நம் இருவரைப் போலச் செல்லாக்காசு யாரும் இல்லை" என்ற பொருளில் வால்போல் அவரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. நம்பிய தலைவர் பட்டத்துக்கு விலைபோனார் என்ற கோபம் லண்டன் தெருவெங்கும் இருந்தது.

அந்தக் கோபத்தைச் சிரிப்பாக மாற்றியவர் சர் சார்லஸ் ஹான்பரி வில்லியம்ஸ். அவர் வால்போலின் ஆள், நாடாளுமன்ற உறுப்பினர், பின்னாளில் தூதர். பல்ட்னியை அவர் விட்டு வைக்கவே இல்லை. பாட்டுக்கு மேல் பாட்டு. கையெழுத்துப் போடாமல் எழுதினார். 1746இல் மான்செஸ்டர் சீமாட்டி, விதவையாக இருந்தவர், ஹஸி என்ற அயர்லாந்துக்காரரை மணந்தபோது அதையும் கேலி செய்து பாடினார். அயர்லாந்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர் லண்டனை விட்டு வேல்ஸ் எல்லைப் பக்கம் இருந்த தன் பண்ணை வீட்டுக்கு ஒதுங்க வேண்டி வந்தது. பெயர் போடாமல் எழுதியதன் காரணம் இதிலிருந்தே புரியும். அவருடைய பாட்டுகள் பலவற்றுக்கு அந்த 'அநாதை இல்லம்' இடம் கொடுத்தது. 1743 முதல் 1749 வரை அந்தத் திரட்டு பகுதி பகுதியாக வந்துகொண்டே இருந்தது.

சரி, எழுதியவர் பெயர் இல்லை. திட்டு வாங்கியவர் பெயராவது இருக்குமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

இந்தத் திரட்டுகளில் ஒரு பக்கத்தைத் திறந்தால் வரி நடுவே நீளமான கோடுகள் கண்ணில் படும். முதல் எழுத்து, கோடு, கடைசி எழுத்து. வால்போல் என்றால் 'வா', அப்புறம் ஒரு நீண்ட கோடு, முடிவில் 'ல்'. நம் எழுத்தில் சொல்வதானால் இப்படித்தான் இருக்கும். அரசர், அமைச்சர், பிஷப் என்ற பதவிப் பெயர்களுக்கும் இதே மரியாதை. படிக்கிறவர் வாயில் எதுகை வந்து உதவும். முந்தின வரியின் ஓசையைப் பிடித்துக்கொண்டு கோட்டை நிரப்பிவிடலாம். பழைய பிரதிகள் பலவற்றில் அன்று படித்தவர்கள் மைப்பேனாவால் விடுபட்ட எழுத்துகளை எழுதி வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு மேலேயோ ஓரத்திலோ, இப்போது பழுப்பாகிப்போன மையில், நெருக்கி நெருக்கி எழுதிய பெயர்கள். அச்சடித்தவர் விட்ட இடத்தை வாங்கியவர் முடித்து வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போது பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து நம்மோடு படிப்பது போலவே இருக்கும்.

கோடு போட்டால் சட்டம் விட்டுவிடுமா? விடாது. ஓரிரு எழுத்து மட்டும் இருந்தாலும் ஆள் யார் என்று தெளிவாகத் தெரிந்தால் அது அவதூறுதான் என்று அக்காலச் சட்ட நூல்கள் தெளிவாகவே சொல்லின. இருந்தும் கோடு போட்டார்கள். யார் யாரைச் சொல்கிறது என்று வழக்குமன்றத்தில் எடுத்து விளக்கும் வேலை எதிராளியின் தலையில் விழுமே! அதோடு வாசகருக்கு அது ஒரு விளையாட்டு. இந்தக் கோடுகளுக்கு விடை சொல்லும் 'சாவி' நூல்களைத் தனியாக அச்சிட்டு விற்றவர்களும் உண்டு.

தாமஸ் கோரமின் இல்லத்தில் குழந்தையை விட்டுப்போன தாய்மார்கள் அடையாளமாக எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். ரிப்பன், பொத்தான், பாதியாக வெட்டிய துணி. ஒரு துண்டு பதிவுத் தாளில் குத்தப்பட்டிருக்கும். மறு துண்டு தாயிடம் இருக்கும். என்றாவது திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். கோடு போட்ட பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணித்துண்டு நினைவுக்கு வரும். பெயரின் ஒரு பாதி அச்சில், மறு பாதி வாசகரிடம்.

இந்த ஒப்புமை வேதனையோடு பொருந்துவது லேடி மேரி வொர்ட்லி மாண்டகு விஷயத்தில். பிரபு குலத்துப் பெண் தன் பெயரில் கவிதை அச்சிடுவது அன்று கௌரவக் குறைவு. அரண்மனைச் சீமாட்டிகளின் சீட்டாட்டத்தையும் ஒப்பனையையும் கேலி செய்து அவர் எழுதிய பாட்டுகள் நண்பர்களிடையே கையெழுத்தில் சுற்றின. எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் 1716இல் அவற்றைக் கைப்பற்றி 'கோர்ட் போயம்ஸ்' என்று வெளியிட்டுவிட்டார். எழுதியவர் ஒரு சீமாட்டியாக இருக்கலாம், கவிஞர் ஜான் கே ஆக இருக்கலாம், ஹோமரை மொழிபெயர்த்தவராகவும் இருக்கலாம் என்று முன்னுரையில் கோடி காட்டினார். ஹோமரை மொழிபெயர்த்தவர் கவிஞர் அலெக்சாண்டர் போப். அவருக்குக் கோபம் வந்தது. ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் ஒரு மதுக்கடையில் கர்லைச் சந்தித்து, அவர் கோப்பையில் வாந்தி மருந்தைக் கலந்து கொடுத்தார். பிறகு அந்தச் சம்பவத்தையே ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். ஆனால் பாட்டை இழந்தவர் லேடி மேரி. அவருடைய நகைத்திறன் போப்புக்குக் குறைந்ததே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு 'இது என்னுடையது' என்று சொல்லும் வழிகூட இல்லாமல் போனது.

போப்புக்கும் ஜோனதன் ஸ்விஃப்ட்டுக்கும் அந்த வழி இருந்தது. ஸ்விஃப்ட் 1711லேயே தன் பாட்டும் உரைநடையும் சேர்ந்த ஒரு திரட்டைப் பெயர் போடாமல் கொண்டுவந்தார். 1708 மார்ச் 29ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு பஞ்சாங்கக்காரர் ஜான் பார்ட்ரிட்ஜ் செத்துப்போவார் என்று பொய்ப் பெயரில் ஜோசியம் சொல்லி, நாள் வந்ததும் செத்தார் என்றே அறிவித்து, நான் உயிரோடு இருக்கிறேன் என்று அந்த மனிதரை அலறவைத்த எழுத்துகள் அதில் இருக்கின்றன.

அதன் பிறகு நண்பர்கள் சேர்ந்தார்கள். 1727 ஜூனில் 'மிசலனீஸ்' இரண்டு தொகுதிகள் வந்தன. அரைகுறை எழுத்துகளையெல்லாம் பதிப்பாளர்கள் தூக்கிப்போய் அச்சிடுகிறார்கள், அதனால்தான் நாங்களே வெளியிட வேண்டியதாயிற்று என்று இருவரும் முன்னுரையில் முறையிட்டார்கள். நாம் இருவரும் கைகோத்துக்கொண்டு வருங்காலத்துக்கு நடந்துபோகிறோம் என்று போப் ஸ்விஃப்ட்டுக்குக் கடிதம் எழுதினார். டாக்டர் ஜான் ஆர்பத்நாட் எழுதிய ஜான் புல் கதையும் அதில் சேர்ந்தது. இங்கிலாந்துக்காரன் என்றதும் கண்முன் வரும் அந்த ஜான் புல், ஒரு துணி வியாபாரியின் வழக்குக் கதையாகப் பிறந்தவர்தான். எது யார் எழுதியது என்று பக்கத்துக்குப் பக்கம் குறிக்கவில்லை. சிநேகிதத்தையே ஒரு புத்தகமாகக் கட்டியது போன்ற நூல் அது.

1728 மார்ச்சில் அடுத்த தொகுதி. அதில் 'பெரி பாதஸ்' என்ற உரைநடை வந்தது. உன்னதத்தைப் பற்றி லாஞ்சைனஸ் எழுதியதாகச் சொல்லப்படும் கிரேக்க நூலைத் தலைகீழாகப் பிடித்து, கவிதையில் எப்படி ஆழத்துக்கு மூழ்குவது என்று பாடம் நடத்தும் கட்டுரை. உதாரணம் எல்லாம் நிஜக் கவிஞர்களின் நிஜ வரிகள். மோசமான கவிஞர்களைப் பிராணிகளாக வகை பிரித்திருப்பார்கள். பறக்கும் மீன்கள்: அவ்வப்போது துடுப்பை அடித்து மேலே எழும்பும், சிறகு காய்ந்ததும் தொப்பென்று அடியில் விழும். விலாங்குகள்: தன் சேற்றிலேயே தன்னைச் சுற்றிக்கொள்ளும், ஆனால் சுறுசுறுப்பு அதிகம். ஆமைகள்: தோட்டம் பிடிக்கும், ஓட்டின் மேல் அழகான வேலைப்பாடு, உள்ளே கனத்த பிண்டம். ஒவ்வொரு வகைக்கும் எதிரே வெறும் முதலெழுத்துகள். ஊரில் யாருக்கெல்லாம் அந்த எழுத்து இருந்ததோ அவர்களெல்லாம் துள்ளினார்கள். பத்திரிகைகளில் போப்பைத் தாக்கித் தீர்த்தார்கள். அதற்குப் பதில்போல அடுத்த மே மாதமே மோசமான எழுத்தாளர்களைக் கேலி செய்யும் அவருடைய 'டன்சியட்' என்ற வசைக்காவியம் வந்தது.

ஜார்ஜ் மூன்றாமவர் காலத்தில் இந்த மரபு இன்னும் காரமானது. அரசாங்கத்தை எதிர்த்த அரசியல்வாதி ஜான் வில்க்ஸின் நண்பரான ஜான் ஆல்மன், பிக்கடில்லியில் புத்தகக் கடை வைத்திருந்தவர், 1768 முதல் 'தி நியூ ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் ஃபார் விட்' என்று பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார். இம்முறை தலைப்புப் பக்கத்திலேயே செஸ்டர்ஃபீல்ட், ஹான்பரி வில்லியம்ஸ், வில்க்ஸ், நடிகர் காரிக் என்று பெயர்கள் வரிசையாக நின்றன. லேடி மேரியின் பெயரும் அதில் இருந்தது. அவர் இறந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. 1770இல் ஆல்மன், அரசரை நோக்கி ஜூனியஸ் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய கடிதம் வந்த பத்திரிகையை விற்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். திரட்டை நிறுத்தவில்லை, 1773 வரை பகுதிகள் வந்தன.

இப்படி வந்த நூல்கள் ஆயிரக்கணக்கில் அச்சாகி, பிரிந்து, கிழிந்து போயின. இவற்றைத் தேடித் தேடி வாங்கிய ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வால்டர் ஹார்டிங் லண்டனில் பிறந்து, சிறு குழந்தையாகவே குடும்பத்தோடு சிகாகோவுக்குப் போனவர். பிழைப்பு பியானோ வாசிப்பது. ராக்டைம் இசையும் சினிமாக் கொட்டகை ஆர்கனும். தன் வீட்டை இந்தத் திரட்டுகளாலும் பாட்டுப் புத்தகங்களாலும் நிரப்பினார். 1973இல் அவர் இறந்தபோது அவ்வளவையும் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அங்கிருந்துதான் பதினெட்டாம் நூற்றாண்டுத் திரட்டுகளுக்கான இணைய அட்டவணை ஒன்று பின்னாளில் உருவானது. காசு கட்டாமல் யாரும் பார்க்கலாம். ஒரு பாட்டின் முதல் வரியைக் கொடுத்தால் அது எந்த ஆண்டில், எந்தத் திரட்டில், யார் பெயரில், அல்லது யார் பெயரும் இல்லாமல், வந்தது என்று காட்டும். இன்று இரவு நேரம் கிடைத்தால் லேடி மேரியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

வணக்கம்.