அம்மாவின் கண்ணில் தெரிந்த மஞ்சள்

வணக்கம். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுகிறேன். என் கல்லீரலின் வலது பகுதியை அம்மாவுக்குக் கொடுத்தது ஆடி மாதம். அதன்பின் மாசியில் நடந்த ஒன்றை, மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் வீட்டார் அனைவரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்போது களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. தூசியில் உட்கார வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அம்மா ஓரமாக அமர்ந்து விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருடைய கைகளும் மஞ்சளாக இருந்ததால் அவருடைய கையின் நிறத்தை யாரும் கவனிக்கவில்லை. இரவில் அவர் தூங்காமல், உள்ளங்காலைக் கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருந்த சத்தம்தான் என்னை எழுப்பியது. தோலில் தடிப்பு எதுவும் இல்லை. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரித்தன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதாகவும், மலம் வெளுத்துவிட்டதாகவும் அப்போதுதான் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

"கண்ணு, இது காமாலைதான், கீழாநெல்லி அரைச்சு மோருல குடுத்தாத் தீந்துரும்" என்றார் அம்மாவைப் பெற்ற அம்மாயி. அது அவருடைய பாசம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டு மூன்று நாள் காத்திருந்தது என் தவறு.

அம்மாவுக்கு வந்த மஞ்சளுக்குக் காரணம் பித்தநாளம் சுருங்கியது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்குப் போக ஒரே வழி அந்த நாளம்தான். உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்த பகுதியில் அந்த நாளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே இருக்கலாம். சிலருக்கு அது இரண்டு வாயாகவும் இருக்கும். அதைத் தைத்து இணைக்கும் இடத்தில் முதல் வாரங்களில் கசிவு ஏற்படலாம், பின்னர் தழும்பு இறுகிச் சுருங்கலாம். கல்லீரலுக்குக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை, தமனி என்று இரண்டு வழியாக ரத்தம் வந்தாலும், பித்தநாளம் உயிர்பிழைப்பது பெரும்பாலும் தமனியை நம்பித்தான். தமனி அடைபட்டால் தையல் போட்ட இடம் மட்டுமல்ல, ஈரலுக்குள் ஓடும் கிளைகளும் கெட்டுவிடும். அதைச் சரிசெய்வது மிகவும் கடினம், சிலருக்கு மறுபடியும் மாற்று அறுவையே தேவைப்படும். இப்படி உயிரோடு இருப்பவரிடமிருந்து ஈரல் பெற்ற நூறு பேரில் ஏறக்குறைய 10 முதல் 30 பேருக்கு ஏதோ ஒரு பித்தநாளச் சிக்கல் வருகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே இது வந்தால், கொடுத்தவரின் ஈரல் சரியில்லை என்றோ பத்தியம் தவறியது என்றோ யாரும் யாரையும் நோக வேண்டியதில்லை.

மடை அடைத்துக்கொண்ட வாய்க்காலுக்கு மேலிருந்து எதை ஊற்றினாலும் தண்ணீர் கடைமடைக்குப் போகாது. இறுகிப்போன நாளத்தையும் எந்தச் சாறும் திறக்காது. அதோடு, உடல் புது ஈரலை ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் சில மூலிகைகள் மாற்றிவிடக்கூடும். பம்ளிமாஸ் பழம்கூட அதைக் கூட்டிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மாற்றிய ஈரலின் நரம்புகள் அறுபட்டிருப்பதால் வயிற்றுவலி தெரியாமலே போகலாம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளால் காய்ச்சலும் மட்டுப்பட்டு நிற்கலாம். எனவே வலி இல்லையே, காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் நாளத்தில் கிருமி ஏறியிருக்கலாம். அன்று இரவே கிளம்பிவிட வேண்டும்.

கோவையில் மருத்துவமனையில் சேர்த்த அன்று அம்மாவின் ரத்தத்தில் பிலிருபின், அதாவது கண்ணை மஞ்சளாக்கும் பித்தப் பொருள், 6.8, இயல்பாக 1.2-க்குள் இருக்க வேண்டியது. டாப்ளர் ஸ்கேனில் தமனியில் ரத்தம் நன்றாக ஓடுவது தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்சிபி ஸ்கேன் படத்தில் தையல் இடத்துச் சுருக்கம் தெரிந்தது. வாய்வழியாக எண்டோஸ்கோப் செலுத்தும் ஈஆர்சிபி முறையில், பலூனால் அதை விரித்து, மறுபடி சுருங்காமலிருக்க பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். அதற்குப்பின் கணைய அழற்சி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அம்மாவுக்கு அது வரவில்லை. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இப்படி ஓராண்டு வரை போகலாம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதுவரை இரண்டு முறை மாற்றியாயிற்று. சென்ற வாரம் பிலிருபின் 0.9. இப்போதெல்லாம் காலையில் காப்பி கொடுப்பதற்கு முன்பே அம்மாயி மகளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, கீழிமையை விரலால் இழுத்து, வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்.