இயல்பு என்று சொன்ன ஆண்டில் பெய்த மழை

நேயர்களுக்கு வணக்கம்.

2023 வடகிழக்குப் பருவமழை முடிந்தபோது, தமிழ்நாட்டில் இயல்பைவிட, அதாவது பல ஆண்டுச் சராசரியைவிட, 4 விழுக்காடு கூடுதல் என்று கணக்கு வந்தது. 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறை அட்டவணையில் அதற்கு 'இயல்பு' என்றுதான் பெயர். தூத்துக்குடி மாவட்டத்தில் போய் இதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

மார்கழி முதல் நாள், டிசம்பர் 17 காலை 8.30 தொடங்கி மறுநாள் காலை 8.30 வரை காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்த மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே சராசரியாக 65, 70 சென்டிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் காயல்பட்டினத்தில் ஒரு சென்ட் மனையில் மட்டும் 38,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றுக்கு மேல், ஒரே நாளில் விழுந்திருக்கிறது. குளங்கள் உடைந்ததில் வியப்பில்லை.

இத்தனைக்கும் அது புயல் இல்லை. குமரிக்கடல் பகுதியில் இருந்த வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அதாவது உயரத்தில் சுழலும் காற்று, நகராமல் நின்றது. கிழக்கிலிருந்து வீசும் கீழைக்காற்று கடல் ஈரத்தை ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது.

அதே பருவத்தின் அக்டோபரில் மாநில மழை இயல்பைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசியும் விதைக்கும் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் மானாவாரிக்கு மழை வேண்டியது அப்போதுதான். காய் பிடித்தபின் வந்து தேங்கும் தண்ணீர் வேரை அழுகவைக்கும். அக்டோபர் பற்றாக்குறையை டிசம்பர் மழை கணக்கில் நிரப்பும், வயலில் நிரப்பாது.

வீட்டில் மழை அளப்பவர்களுக்கு ஒன்று. 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானியில் 95 சென்டிமீட்டர் மழைக்கு 19 லிட்டர் சேரும். உள்ளே இருக்கும் கலம் 4 அல்லது 10 லிட்டர்தான் கொள்ளும். நிரம்பி வழிந்தால் அளவு குறைந்தே பதிவாகும். பெருமழையன்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, குறித்து, காலி செய்யுங்கள். மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். இயல்போடு ஒப்பிட, பெய்ததிலிருந்து இயல்பைக் கழித்து, இயல்பால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். மழைக் கணக்கில் ஒரு நாள் காலை 8.30-க்கு முடிகிறது; முடியும் நாளின் தேதியே அதற்கு. அதனால் டிசம்பர் 31 காலை 8.30-க்குப் பிறகு பெய்யும் மழையை ஜனவரி 1 தேதியில் எழுதுங்கள்.