கோர்வையும் குதிப்பும்: கலைப்பள்ளி மாணவரின் கணிதமும் அறிவியலும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைக்குக் கலைப்பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால், இனிக் கணக்கையும் அறிவியலையும் பற்றிக் கவலை இல்லை என்று சில வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. சோட்டா என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர்க் கலைப்பள்ளி 2008ல் தொடங்கியது. அங்கே படிப்பு ஆறாண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளில் ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) என்னும் அனைத்துலகப் பட்டயப் படிப்பை எடுப்பவர் ஆறு பாடம் படிக்க வேண்டும். அவற்றில் ஒன்று கணிதம், ஒன்று அறிவியல். இந்த இரண்டையும் விட்டுவிட வழியே இல்லை. பலருக்கு வியப்பாக இருக்கும், ஐபி விதிப்படி கலைப் பாடத்துக்குப் பதிலாக வேறொரு பாடத்தை எடுக்கலாம்; கணிதத்துக்கு அப்படி மாற்று கிடையாது.

முதலில் அடித்தளத்தைப் பார்ப்போம். இந்தப் பள்ளியில் நான்காம் ஆண்டு முடிவில் சாதாரண நிலை (ஓ-லெவல்) தேர்வு எழுதுவதில்லை. ஒத்திகைக்கும் பயிற்சிக்கும் அதனால் நேரம் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் இயற்கணிதத்தில் இருக்கும் ஓட்டை வெளியே தெரியாமல் ஐந்தாம் ஆண்டு வரை வந்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதிரும் கம்பியின் சூத்திரத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள்: அதிர்வெண் என்பது, இழுவிசையை ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, கம்பி நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. இதிலிருந்து இழுவிசையைத் தனியே பிரித்தெழுதச் சொல்லுங்கள். நீளத்தின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம், ஒரு மீட்டரின் நிறை மூன்றையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்க வேண்டும். வர்க்கமூலத்துக்குள் இருப்பதை வெளியே எடுப்பதிலும் பகுதியில் இருப்பதை மேலே கொண்டுவருவதிலும் தடுமாறினால், குறை இயற்பியலில் இல்லை, இரண்டாம் மூன்றாம் ஆண்டு இயற்கணிதத்தில் இருக்கிறது. அதை நான்காம் ஆண்டு விடுமுறைக்குள் சரிசெய்துவிட வேண்டும்.

அடுத்தது பாடத் தேர்வு. ஐபியில் கணிதம் இரண்டு வகை. ‘பகுப்பாய்வும் அணுகுமுறைகளும்’ என்பதை மாணவர்கள் ஏஏ என்பார்கள். ‘பயன்பாடுகளும் விளக்கமும்’ என்பது ஏஐ. ஏஏயில் இயற்கணிதமும் நுண்கணிதமும் அதிகம், முதல் தாளில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. ஏஐயில் புள்ளியியலும் மாதிரி அமைத்தலும் அதிகம், எல்லாத் தாளிலும் கணிப்பான் உண்டு. ஒவ்வொன்றிலும் வழக்கநிலை, உயர்நிலை என்று இரண்டு படி: 150 மணி நேரம், 240 மணி நேரம். கலை மாணவர் என்பதற்காக யோசிக்காமல் ஏஐ வழக்கநிலையில் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். பொறியியல், கணினி போன்ற துறைகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் உயர்நிலைக் கணிதத்தைக் கேட்கின்றன, சில ஏஏ தான் வேண்டும் என்கின்றன. ஒலிப் பொறியியலோ கட்டடக் கலையோ மனத்தில் இருந்தால், அந்தப் படிப்பின் சேர்க்கை விதியைப் படித்துவிட்டுத்தான் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஏயிலிருந்து ஏஐக்கு இறங்குவது ஓரளவு எளிது. நடுவழியில் ஏஐயிலிருந்து ஏஏக்கு ஏறுவது மிகக் கடினம்.

இனி, கலை மாணவருக்கு உண்மையிலேயே சாதகமான இடத்துக்கு வருவோம். கணித மதிப்பெண்ணில் 20 விழுக்காடு, மாணவர் சொந்தமாகச் செய்யும் ஆய்வுக் கட்டுரைக்கு. 12 முதல் 20 பக்கம், 20 மதிப்பெண். அதில் கணிதத்தைப் பயன்படுத்தும் விதத்துக்கு 6, சொந்த ஈடுபாட்டுக்கு 3. நிறையப் பேர் பொன் விகிதத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். ஓவியத்தின் மேல் எங்கே வேண்டுமானாலும் ஒரு செவ்வகத்தை வரைந்து 1.618க்கு அருகே ஓர் எண்ணைக் காட்டிவிட முடியும். அதனால் எதுவும் நிறுவப்படுவதில்லை.

மிருதங்கமோ பரதமோ கற்ற நம் பிள்ளைகளின் கையில் இதைவிட நல்ல பொருள் இருக்கிறது. கோர்வையை, அதாவது ஒரு பகுதியை முடித்துவைக்கும் தாளக் கணக்கை, எடுத்துக்கொள்வோம். ஒரு சொற்கட்டு (தாளச் சொற்களின் தொடர்) மூன்று முறை வருகிறது, நடுவே இரண்டு கார்வை (இடைவெளி), பிறகு சமம் (தாளச் சுற்றின் தொடக்கம்). ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 8 அட்சரம்; சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32 மாத்திரை. சொற்கட்டின் நீளத்தை மூன்றால் பெருக்கி, கார்வையை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் 32 வர வேண்டும். சொற்கட்டு 10, கார்வை 1 என்றால் சரி. 8க்கு 4, 6க்கு 7 என்றாலும் சரி. சொற்கட்டு ஒற்றைப்படையாக இருக்கவே முடியாது என்பது உடனே தெரிகிறது. கார்வையைக் கவனியுங்கள்: 1, 4, 7. மூன்றால் வகுத்தால் எப்போதும் மீதி 1. மிஸ்ர சாபு இரண்டு சுற்றுக்கு 28 மாத்திரை. அங்கே கார்வை 2, 5, 8, மீதி 2. ஆதியைத் திஸ்ர நடையில் (அட்சரத்துக்கு 3 மாத்திரை) எடுத்தால் 24. அங்கே மீதி 0, கார்வையே இல்லாமலும் கோர்வை அமையும். மொத்த மாத்திரையை மூன்றால் வகுத்த மீதிதான் கார்வையின் மீதியைத் தீர்மானிக்கிறது என்பதை மாணவர் பொதுவாக நிறுவலாம். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளியிருந்தால் 32 என்பது 38 ஆகும். அப்போதும் மீதி மாறாது, 12க்கு 1, 10க்கு 4 என்று விடை வரும்.

இங்கே இரண்டு பிழை நடக்கிறது. ஒன்று, தாளத்தின் வரலாற்றை எட்டுப் பக்கம் எழுதிவிட்டுக் கணிதத்தை ஒரு பக்கத்தில் முடிப்பது. மற்றொன்று, உயர்நிலை மாணவர் இந்த எளிய சமன்பாட்டோடு நின்றுவிடுவது. உயர்நிலைக்கு இது போதாது. சொற்கட்டே ஒவ்வொரு முறையும் குறுகிச் செல்லும் கோபுச்ச யதியைச் சேர்த்து, எத்தனை தீர்வு உண்டு என்பதற்கு ஒரு பொதுக் கோவையைக் கண்டு நிறுவ வேண்டும். அதோடு, தீர்வுகளில் எது காதுக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று எழுதுவதும் முக்கியம். சொற்கட்டு 6, கார்வை 7 என்னும்போது இடைவெளி சொல்லையே விழுங்கிவிடுகிறது. கணிதம் அனுமதிப்பதை எல்லாம் கலை ஏற்பதில்லை என்று சொல்லும் அந்தப் பத்தியைக் கையால் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைதான் எழுத முடியும்.

அறிவியலிலும் இப்படி ஓர் ஆய்வு உண்டு: 3,000 சொல்லுக்குள், 24 மதிப்பெண், மொத்தத்தில் 20 விழுக்காடு. நடன மாணவர் பலர் குதிப்பின் உயரத்தை அளக்க விரும்புகிறார்கள். காற்றில் இருக்கும் நேரத்தின் வர்க்கத்தை 9.81ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் உயரம் வரும். அரை விநாடிக்கு ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். கைப்பேசியில் விநாடிக்கு 30 படம் என்ற அமைப்பில் எடுத்தால், ஒரு படம் தவறினாலே நேரத்தில் 7 விழுக்காடு பிழை. உயரத்தில் அது இரட்டிப்பாகி 13 விழுக்காடாகும். 240 படம் எடுக்கும் மெதுவோட்ட அமைப்பில் அதுவே 2 விழுக்காட்டுக்குக் குறைவு.

ஆனால் பரதத்தில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அந்தச் சூத்திரம், உடலின் ஈர்ப்பு மையம் கிளம்பிய உயரத்திலேயே திரும்பி வருகிறது என்று கொள்கிறது. கால் நீட்டிக் கிளம்பி, முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் இறங்கும் நர்த்தகியின் ஈர்ப்பு மையம் இறங்கும்போது தாழ்ந்திருக்கும். நேரம் நீளும், உயரம் உள்ளதைவிட அதிகமாகக் கணக்கில் வரும். இதைத் தவிர்க்க இடுப்புப் பக்கத்தில் ஒரு வண்ண ஒட்டுவில்லையை ஒட்டி, அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தி, படம் படமாக அதன் உயரத்தைக் குறிக்க வேண்டும். கேமரா அந்த ஒட்டுவில்லையின் மட்டத்தில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி, அசையாமல் இருக்க வேண்டும். ஆடுபவரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குவதும் கட்டாயம்.

இசை மாணவருக்கு வரும் சிக்கல் வேறு. வீணையின் மந்தர ஒலியைச் செயலியில் பதிந்து அதிர்வெண்ணைப் படிக்கிறார்கள். விநாடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் பதிவில் 4,096 மாதிரியை மட்டும் அலசினால், அலைமாலையில் (எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்று காட்டும் வரைபடத்தில்) அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே 10.8 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். 110 ஹெர்ட்ஸில் ஓர் அரைச் சுரமே 6.5 ஹெர்ட்ஸ்தான்! அப்படியானால் பக்கத்துச் சுரத்தைக்கூடப் பிரித்தறிய முடியாது. 65,536 மாதிரி, அதாவது ஒன்றரை விநாடி எடுத்தால் இடைவெளி 0.7 ஹெர்ட்ஸாகக் குறையும். வீணைத் தண்டிலுள்ள மெட்டின் மேல் கம்பியை விரலால் அழுத்தும்போது கம்பியின் இழுவிசை கூடுகிறது, அதனால் நீளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்ட எண்ணைவிடச் சுரம் சற்று உயர்ந்தே ஒலிக்கும். இதைச் ‘சோதனைப் பிழை’ என்று ஒரே வரியில் தள்ளிவிடாமல், எவ்வளவு உயர்கிறது என்று அளந்து காட்டினால், மதிப்பீட்டுப் பகுதியில் எழுத உண்மையான செய்தி கிடைக்கும்.

இன்னொன்று, காலக்கணக்கு. இங்கே ஐபி தேர்வு நவம்பரில். ஆறாம் ஆண்டின் நடுப்பகுதியில் கலைப் பாடத்தின் படைப்புகள், அரங்கேற்றங்கள், ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் ஒன்றாக வந்து நெருக்கும். அந்த வாரங்களில் ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்க நேரம் கிடைக்காது. ஐந்தாம் ஆண்டின் இறுதி விடுமுறைக்குள் ஒரு முன்சோதனை நடத்தி, மாறியின் ஐந்து வெவ்வேறு மதிப்புகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை அளவெடுத்து முடித்துவிட வேண்டும். வரைபடம் போட்டுப் பார்த்துப் பொருந்தாத புள்ளியை மறுபடி அளக்க அப்போதுதான் நாள் இருக்கும்.

வணக்கம்.