மரக்கட்டையில் பிறந்த வாத்தும் வானத்தைத் தாங்கிய பறவையும்

அவையோருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அக்டோபரில் ஒரு வாத்து வரும். வெள்ளை முகம், கறுத்த கழுத்து. பார்னக்கிள் வாத்து என்று பெயர். மேயோ மாவட்டத்து இனிஷ்கீ தீவுகளில் குளிர்காலம் முழுக்கப் புல் மேய்ந்துவிட்டு ஏப்ரலில் கிளம்பிவிடும். அதன் கூட்டையோ முட்டையையோ அந்த ஊர்க்காரர் எவரும் கண்டதில்லை. பிறகு எங்கேதான் பிறக்கிறது?

கடலில் மிதக்கும் மரத்தில் என்றார்கள். அட்லாண்டிக் புயல் கரையொதுக்கும் கட்டைகளைப் பாருங்கள். கொட்டலசு என்னும் உயிர் அவற்றில் கொத்துக்கொத்தாகத் தொங்கும். வளையும் கரிய காம்பு, வாத்தின் கழுத்தேதான். நுனியில் ஐந்து தகடுகள் சேர்ந்த வெளிர் ஓடு. அது திறந்தால் மெல்லிய இறகுகள் எட்டிப்பார்க்கும். உண்மையில் அவை இரையை அரித்தெடுக்கும் கால்கள். நண்டு, இறால் வகையைச் சேர்ந்த உயிர் அது.

ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் என்ற பாதிரியார் 1188 வாக்கில் எழுதிய அயர்லாந்து நூலில், ஒரே கட்டையில் ஆயிரத்துக்கும் மேல் தொங்கியதைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். முட்டையில் பிறக்காதது இறைச்சியாகாது என்று, விரத நாள்களில் அங்குள்ள சில ஆயர்களும் துறவிகளும் அந்த வாத்தை உண்டதையும் குறித்திருக்கிறார். வாத்து கூடு கட்டுவதோ வடகிழக்குக் கிரீன்லாந்தின் செங்குத்துப் பாறைகளில்! இலையுதிர்காலப் புயலில் கட்டை ஒதுங்கும் நாள்களில்தான் வாத்தும் வந்திறங்குகிறது. கிரீன்லாந்தை அறியாதவர்கள் கண்முன் இருந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். இதை மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

உள்ளான் என்னும் பறவையின் சங்கதியும் இப்படித்தான். இருட்டில் வானத்திலிருந்து ஆடு கனைக்கும் ஒலி கேட்கவே, அதை ‘உறைபனியின் ஆட்டுக்குட்டி’ என்றார்கள். பறவை சரிந்து பாயும்போது விரிந்து நிற்கும் ஓரத்து வால் இறகுகள் காற்றில் அதிர்ந்து எழும் ஒலி அது.

அடுத்தது கார்ன்கிரேக் என்னும் பறவை. வைக்கோல் புல்வெளியில் ஒளிந்து இரவெல்லாம் ‘கிரெக்ஸ், கிரெக்ஸ்’ என்று கத்தும். மல்லாந்து படுத்துக் கால்களால் வானத்தைத் தாங்கியபடி கத்துகிறது என்றும், குளிர்காலத்தில் தாழைக்கோழியாக மாறிவிடுகிறது என்றும் நம்பினார்கள். புல்லுக்குள் ஓடும் பறவையை யாரும் பறக்கக் கண்டதில்லை. அது ஆப்பிரிக்காவுக்குப் போகும் என்று யாருக்குத் தோன்றும்? தாழைக்கோழியோ அதே குடும்பம், ஏறக்குறைய அதே உடலமைப்பு, ஆண்டு முழுக்கக் கண்ணில் படுவது.

ஒரு காலத்தில் நாடெங்கும் கேட்ட அந்தக் குரல், இன்று பெரும்பாலும் டொனிகல், மேயோ, கால்வே கரையோரங்களிலும் தீவுகளிலும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. காரணம் அறுவடை முறை. குஞ்சுகள் பறக்க ஐந்து வாரம் ஆகும். தீவனத்துக்காகப் புல்லைச் சீக்கிரமே அறுத்தால் கூடு அழியும். ஓரத்திலிருந்து உள்நோக்கி அறுத்துக்கொண்டே போனால், வெட்டவெளியில் ஓட அஞ்சும் குஞ்சுகள் நடுவில் எஞ்சிய புல்லுக்குள் ஒதுங்கி, கடைசிச் சுற்றில் இயந்திரத்தில் சிக்கும். அதனால் ஆகஸ்ட் வரை பொறுத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி, மெதுவாக அறுக்க வேண்டும். ஏப்ரலில் புல் வளருமுன் வந்திறங்கும் பறவை ஒளிந்துகொள்ள, வயலோரம் செந்தட்டிப் புதரையும் விட்டுவைக்க வேண்டும்.