சத்தம் போடாத டபிள்யூ

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், பெற்றோரும் பிள்ளைகளும் வந்திருக்கிறீர்கள். இன்று நான் பேசப்போவது மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லைப் பற்றி. இரண்டு என்று பொருள்படும் 'டூ'. டி, டபிள்யூ, ஓ.

ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவி இந்தச் சொல்லை எப்போதும் டி, ஓ, டபிள்யூ என்றுதான் எழுதுவாள். எழுத்தெல்லாம் அதே மூன்றுதான். ஆனால் அப்படி எழுதினால் அது 'டோ', வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது. பத்து முறை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தாள். அடுத்த வாரம் மறுபடியும் டோ. கூப்பிட்டுக் கேட்டால், "சார், சத்தமே போடாத எழுத்து எங்க இருக்குன்னு எப்படி ஞாபகம் வச்சுக்கறது?" என்றாள். சின்ன வயதில் இதே கேள்வியைக் கேட்டதற்கு எனக்குப் பிரம்படி கிடைத்திருக்கிறது. அவளுக்காவது பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் கரும்பலகையில் சில சொற்களை எழுதிப் போட்டேன். ட்வின், ட்வைஸ், ட்வென்டி, ட்வெல்வ், பிட்வீன். எல்லாவற்றிலும் டியும் டபிள்யூவும் ஒட்டிக்கொண்டு நிற்கும். "இதுக்குள்ள எல்லாம் என்ன இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "ரெண்டு இருக்கு சார்."

ட்வின் இரட்டைப் பிள்ளை, ட்வைஸ் இருமுறை. ட்வென்டி என்றால் இரண்டு பத்து, நம் இருபது மாதிரியே. ட்வெல்வ்தான் அழகு. பத்து போக இரண்டு மிச்சம் என்பது அதன் பழைய பொருள். லெவன் என்றால் ஒன்று மிச்சம். நாம் பத்தோடு இரண்டைச் சேர்த்துப் பன்னிரண்டு என்கிறோம். அவர்கள் பத்தை எண்ணி ஒதுக்கிவிட்டு, கையில் மிஞ்சியதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிட்வீன், இரண்டுக்கும் நடுவே.

இதோ, என் கையில் இருப்பது பொட்டலம் கட்டுகிற நூல். ஆங்கிலத்தில் ட்வைன். முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருப்புகிறேன், பாருங்கள். பிரிந்து வருவது இரண்டு புரி. அந்த இரண்டுதான் பெயரிலும் இருக்கிறது. ஜவுளிக்கடையில் ட்வில் துணி என்பார்களே, அதுவும் இரட்டை இழை என்ற பொருளில் வந்த பெயர்தான். ஜீன்ஸ் போட்டிருப்பவர்கள் முட்டிப் பக்கம் உற்றுப் பாருங்கள், சாய்வாக வரி ஓடும். அது ட்வில் நெசவு.

மார்க் ட்வைன் என்ற எழுத்தாளர் பெயரிலும் இதே இரண்டு உண்டு. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டியவர் அவர். ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார்கள். ஆறடியை ஒரு பாகம் என்று கணக்கு வைத்து, இரண்டு பாகம், அதாவது 12 அடி தண்ணீர் இருந்தால் 'மார்க் ட்வைன்' என்று குரல் கொடுப்பார்கள். படகு தரை தட்டாது என்று அர்த்தம். 1863இல் அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

சரி, மற்றதில் எல்லாம் ஒலிக்கிற டபிள்யூ, டூவில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? பழைய ஆங்கிலத்தில் அது 'ட்வா'. ஸ்காட்லாந்தின் பேச்சுமொழியில் இன்றும் அப்படிச் சொல்வது உண்டு. போகப்போக அந்த ஆகாரம் ஓகாரமாகி, பிறகு ஊகாரமானது. இப்போது எல்லோரும் 'ட்வூ' என்று ஒருமுறை சொல்லுங்கள். டபிள்யூவுக்கு உதடு குவிகிறது, ஊகாரத்துக்கும் உதடு குவிகிறது. வேகமாகப் பேசினால் இரண்டு குவிப்பும் ஒன்றாகிவிடும். ட்வின், ட்வென்டியில் அடுத்து வரும் உயிரெழுத்துக்கு உதடு விரிவதால் அங்கே டபிள்யூ தப்பித்துக்கொண்டது. டபிள்யூ என்ற பெயருக்கே 'இரட்டை யூ' என்றுதான் பொருள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இந்தக் குடும்பம் ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. ஜெர்மனில் ட்ஸ்வை, லத்தீனில் டுவோ, சமஸ்கிருதத்தில் த்வி. நம் வீட்டு நாள்காட்டியில் இருக்கும் துவாதசியும், இரண்டல்ல என்கிற அத்வைதமும் ஆங்கில டூவுக்கு உறவு! சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று அங்கே நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786இல். நம் 'இரண்டு' அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. தெலுங்கு ரெண்டு, கன்னட எரடு, மலையாள ரண்டு, இவைதான் அதன் உடன்பிறப்புகள். இந்த மொழிகள் தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலேயே எடுத்துக்காட்டிவிட்டார்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டி டபிள்யூ வந்தாலே இரண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ட்வீட் என்பது குருவிச் சத்தம், அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்துவிட்டே சேருங்கள்.

அப்புறம் அந்த மாணவி டோ என்று எழுதவே இல்லை. ஒரு நாள் அவளாகவே ஒரு பட்டியலோடு வந்து நின்றாள். "சார், வாள்னு சொல்ற சோர்டுலயும் டபிள்யூ பேசாம இருக்கு. ரிஸ்ட்லயும் இருக்கு. சுத்திக் கட்டற ராப்லயும் இருக்கு." சோர்டின் கதை டூவின் கதைதான் என்றேன். ரிஸ்ட் வேறு குடும்பம். திருகுவது, முறுக்குவது என்ற பொருளில் வந்தது. துணி பிழியும் ரிங், புழு நெளியும் ரிகிள் எல்லாம் அந்தப் பக்கம். அவள் தன் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே பெஞ்சுக்குப் போனாள்.