நகம் எவ்ளோ மெதுவா வளரும்னு சொல்லாம விட்டா

எல்லாருக்கும் வணக்கம். கால் நகத்துல வர்ற ஃபங்கஸுக்கு ஒரு மேடைப் பேச்சான்னு சிலருக்குத் தோணலாம், உயிர் போற வியாதி இல்லதான். ஆனா என் ரூமுக்கு வர்றவங்கள செருப்பைக் கழட்டச் சொன்னா ஒரு கால் மேல இன்னொரு காலை வச்சு கட்டை விரலை மறைப்பாங்க பாருங்க, எத்தனை வருஷமா இதை மனசுல வச்சு குமைஞ்சிருக்காங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

ஒருத்தருக்கு ஃபங்கஸைக் கொல்ற டெர்பினாஃபின் மாத்திரை 250 மில்லிகிராம், தினம் ஒன்னு, 12 வாரம்னு எழுதிக் குடுத்தேன், கால் நகத்துக்கு வழக்கமான கோர்ஸ் அதான். ஒரு நாள் விடாம சாப்பிட்டிருக்காரு. முடிச்சுட்டுப் பாத்தா நகம் அதே மஞ்சள், அதே தடிப்பு, சரி மாத்திரை கேக்கலன்னு விட்டுட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு இருமலுக்கு வந்தப்ப காலைக் காட்டச் சொன்னேன். நகத்தோட அடியில, தோலை ஒட்டி, மூணு நாலு மில்லிமீட்டருக்கு சுத்தமான புது நகம் வந்திருந்துச்சு! அவரு நுனியையே பாத்துட்டு இருந்திருக்காரு. அடியில பாருங்கன்னு நான் சொல்லவே இல்லையே, அது என் தப்பு.

மருந்து கெட்டுப்போன நகத்தை நல்லதா மாத்தாது, ஃபங்கஸைத்தான் கொல்லும், புது நகம் வளர்ந்துதான் பழசைத் தள்ளணும். கால் கட்டை விரல் நகம் மாசத்துக்கு சுமாரா ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளருது, அப்போ முழுசா மாற 12லருந்து 18 மாசம் ஆகும். மாத்திரையை நிறுத்தின பிறகும் மருந்து நகத்துல சில மாசம் தங்கி வேலை செய்யும். இப்பல்லாம் நல்ல நகமும் கெட்டதும் சேர்ற இடத்துல அரத்தால லேசா ஒரு கோடு போட்டு, அவங்க போன்லயே போட்டோ எடுத்துக்கச் சொல்றேன். மாசாமாசம் அந்தக் கோடு நுனிப் பக்கம் நகரும், கெட்டது அதைத் தாண்டி அடிப்பக்கம் வந்துச்சுன்னா உடனே வாங்கன்னு சொல்லிடுவேன்.

நீங்களும் கேளுங்க. தடிச்சு நிறம் மாறின நகத்துல பாதிக்குப் பாதிதான் ஃபங்கஸ், சோரியாசிஸ்ங்கற தோல் வியாதி வந்த நகமும் ஷூ இடிச்சு கெட்டுப்போன நகமும் பாக்க அதே மாதிரிதான் இருக்கும். அதனால நகத்தைச் சுரண்டி டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரை ஆரம்பிக்கலாமான்னு கேட்டா எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டாரு.

லிவர் போயிடும்னு யாரோ சொன்னதைக் கேட்டு பயந்து, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மாத்திரையை விட்டவங்க நிறைய பேர். பெரிய பாதிப்பு ரொம்ப அபூர்வம், ஆனா இல்லவே இல்லைன்னு நான் பொய் சொல்லக் கூடாது. லிவர் பிரச்சனை இருந்தா, குடிப்பழக்கம் இருந்தா, வேற என்ன மாத்திரை போடறீங்கங்கறதையும் சேர்த்து முன்னாடியே சொல்லிடுங்க, யூரின் கருப்பா போனா, கண்ணு மஞ்சளானா அன்னைக்கே நிறுத்திட்டு வாங்க. நாக்குல ருசி கூட கொஞ்ச நாள் போகலாம், அதையும் முதல் நாளே சொல்லிட்டா சாப்பாடு ருசிக்காதப்ப மனுஷன் பயப்பட மாட்டாரு.

எல்லாருக்கும் முழுசா குணமாகாது, சிலருக்கு திரும்பவும் வரும். இதைக் கேட்டுட்டு எனக்கு வேண்டாம் டாக்டர், நகத்தை வெட்டி சுத்தமா வச்சுக்கறேன்னு ஒருத்தர் சொன்னா அதுவும் சரியான முடிவுதான். சுகர் இருக்கறவங்க மட்டும் தயவுசெஞ்சு அப்படி விட்டுடாதீங்க, கால்ல உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு தடிச்ச நகம் குத்திப் புண்ணானாலும் வலி தெரியாது.